பாதிரியார் கொடுத்த ஜாமீன்

ஊத்துக்கோட்டை எல்லையில் இருக்கிற ஊர். சென்னையிலிருந்து பெரியபாளையம் வழியாகத் திருப்பதிக்குப் போகிறவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். ஆரணியாற்றங்கரை, கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் மாறி மாறி வரும். இரண்டு மூன்று கிலோமீட்டர் மேற்கே நடந்தால் சுருட்டப்பள்ளி, அது ஆந்திரா. இங்கே வீடும் அங்கே நிலமுமாக இருக்கிறவர்கள் உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் ஒரு சர்க்காருடன் மல்லுக்கு நின்றால், இவர்கள் இரண்டு சர்க்காருடன் பழகியாக வேண்டும். அதனாலோ என்னவோ, சர்க்கார் என்றால் என்ன, அதன் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்பதைப் பற்றி இவர்களுக்குத் தீர்மானமான சில அபிப்பிராயங்கள் இருக்கின்றன.

இந்தச் சீமைக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1780-ஆம் வருஷம் ஹைதர் அலி கர்நாடகத்தின் மேல் படையெடுத்து வந்தான். சென்னைக் கோட்டைக்கு ஒரு மணி தானியம், ஒரு கட்டு வைக்கோல் போகக் கூடாது என்பது அவன் திட்டம். பழவேற்காட்டு ஏரியிலிருந்து புதுச்சேரி வரையில், கடற்கரையிலிருந்து முப்பது முப்பத்தைந்து மைல் உள்நாடு வரையில், ஊர்களைக் கொளுத்திப் பாழாக்கினான் என்று வில்க்ஸ் என்ற சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். அந்த அளவை வைத்துப் பார்த்தால் ஊத்துக்கோட்டையும் அந்த வளையத்துக்குள்தான் வருகிறது. மறு வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சர் அயர் கூட் என்ற வெள்ளைக்காரத் தளபதி, பட்டினி கிடந்த தம் படையை இழுத்துக்கொண்டு வந்து திருவள்ளூருக்குப் பக்கத்திலுள்ள திருப்பாச்சூர்க் கோட்டையைப் பிடித்தார். இன்று திருப்பாச்சூர் கோயிலுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது ஞாபகம் வரும்? மாடு போனவனுக்கும் வீடு எரிந்தவனுக்கும் கல்வெட்டு வைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

என்னைக் கவர்ந்தது அந்தச் சண்டையல்ல. சண்டைக்குச் சரியாக ஒரு வருஷம் முந்தி, அது வராமல் தடுப்பதற்கென்று கும்பினி சர்க்கார் ஹைதரிடம் ஒருவரை அனுப்பியது. அவர் தளபதியல்ல; கவுன்சில் மெம்பரும் அல்ல. ஒரு பாதிரியார். சுவார்ட்ஸ் என்று பெயர். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சுவார்ட்ஸ் ஐயர் என்றால் இன்றும் தெரியும். அந்தக் காலத்தில் பாதிரிமார்களை நம்முடைய ஜனங்கள் ஐயர் என்றே அழைத்தார்கள்.

கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஜெர்மானியர். 1726-இல் பிராண்டன்பர்க் நாட்டுச் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்து தேசத்தில் இருக்கிறது. ஹாலே சர்வகலாசாலையில் படிக்கும்போதே, தமிழ்நாட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய சூல்ட்ஸ் பாதிரியாரிடம் தமிழ் எழுத்துப் படித்தார். 1750-இல் கப்பலில் வந்து தரங்கம்பாடியில் குடியேறினார். வந்த நாலாவது மாதமே தமிழில் பிரசங்கம் செய்தாராம். அதைக் கேட்டவர்கள் என்ன பாடுபட்டார்களோ! ஆனால் பின்னால் அவர் பேசிய தமிழைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. மராத்தி, ஹிந்துஸ்தானி, பாரசீகம், போர்த்துகீசியம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பத்தெட்டு வருஷம் இங்கேயே இருந்தார். ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பிப் போகவில்லை.

1762-இல் திருச்சிக்கு வந்தார். வருஷத்துக்கு ஐம்பது பவுனுக்கும் குறைந்த வருமானம். கறுப்புச் சாயம் தோய்த்த ஒரு பருத்தித் துணி அங்கி. சோறும் காய்கறியும், அதுவும் இந்த ஊர்ச் சமையல். ராத்திரி படிக்க ஒரு பித்தளை விளக்கு. அவரைப் பார்த்த வெள்ளைக்கார நண்பர் ஒருவர் இதையெல்லாம் ஆச்சரியத்துடன் எழுதி வைத்திருக்கிறார். நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சாமியார் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது நம் சம்பிரதாயம். ஆகையால் அவருடைய மதத்தை ஏற்காதவர்களும் அவரைச் சுலபமாக அடையாளம் கண்டுகொண்டார்கள்.

இப்படிப்பட்டவர் சர்க்கார் உத்தியோகத்தில் நுழைந்த விதம் வேடிக்கையானது. யாரும் அவருக்கு ஒரு நாள் குறித்து உத்தியோகம் கொடுக்கவில்லை. அது மெல்ல மெல்ல அவர்மேல் ஏறியது. 1763-இல் திருச்சிக் கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் செத்தார்கள். அநாதையான குழந்தைகளுக்காக அவர் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். சிப்பாய்கள் கோயில் வேண்டும் என்றார்கள். 1766-இல் கோட்டைக்குள் கட்டி முடித்தார். சில வருஷத்தில் கும்பினி அவரைப் பட்டாளத்துக்குக் குருவாக நியமித்து, வருஷத்துக்கு நூறு பவுன் சம்பளம் போட்டது. அந்தப் பணத்தில் ஒரு பங்கைச் சபைக் காரியத்துக்கே செலவிட்டுவிட்டார். ஆனாலும் சம்பளம் சம்பளம்தான். சர்க்கார் உப்பு ஒரு தரம் நாக்கில் பட்டுவிட்டது.

1779-இல் சென்னைக் கவர்னர் சர் தாமஸ் ரம்போல்டு அவரை ரகசியமாக வரவழைத்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய் ஹைதரைக் காண வேண்டும். ஆங்கிலேயர் சமாதானத்தையே விரும்புகிறார்கள் என்று அவனுக்கு உறுதி சொல்ல வேண்டும். அவன் மனத்தில் இருப்பதையும் அறிந்து வர வேண்டும். உமக்கு ஹிந்துஸ்தானி தெரியும், நடுவில் துபாஷி வேண்டாம்; உமக்கு யாரும் லஞ்சம் கொடுக்க முடியாது. இதுதான் கவர்னர் சொன்ன காரணம். “மற்றவர்கள் வேண்டாம், அந்தக் கிறிஸ்தவரை அனுப்பட்டும், அவர் என்னை ஏமாற்ற மாட்டார்” என்ற கருத்தில் ஹைதரே சொல்லியனுப்பியதாகவும் ஒரு பேச்சு வழங்கி வருகிறது.

பாதிரியார் தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார். ரத்தம் சிந்தாமல் தடுப்பது நல்ல காரியம். வழியெல்லாம் வேதத்தைச் சொல்லலாம். கும்பினி செய்த உதவிகளுக்கு நன்றி காட்டின மாதிரியும் இருக்கும் என்று தமக்குத் தாமே மூன்று நியாயங்கள் சொல்லிக்கொண்டார். கூடவே ஒரு விரதமும் எடுத்தார்: இந்தக் காரியத்துக்காக யாரிடமிருந்தும் ஒரு வெகுமதியும் வாங்குவதில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கண்டதை அவர் எழுதி வைத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத ஹைதர், ஒரே சமயத்தில் பல கடிதங்களைக் கேட்டுப் பதில் சொல்கிற சுறுசுறுப்பு, வரிப்பணத்தில் கை வைத்த உத்தியோகஸ்தர்களுக்குச் சவுக்கடி கொடுக்கத் தயாராக நிற்கும் ஆட்கள், அநாதைப் பையன்களுக்குச் சோறும் துணியும் கொடுத்து, கையில் மரத் துப்பாக்கியைக் கொடுத்துக் கவாத்துப் பழக்கும் வழக்கம், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஹைதரின் படையில் இருந்த ஜெர்மானியருக்கும் மற்ற ஐரோப்பியருக்கும் ஒரு கூடாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்தினார். யாரும் தடுக்கவில்லை. ஹைதர் அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினான். மரியாதையோடு பேசினான். ஆனால் கவர்னருக்கு அவன் கொடுத்தனுப்பிய பதிலில் ஒரு கணக்கு இருந்தது.

கணக்கு இதுதான். 1769-இல் கும்பினி அவனோடு உடன்படிக்கை செய்தது. ஒருவர்மேல் பகைவன் வந்தால் மற்றவர் உதவ வேண்டும். இரண்டு வருஷத்துக்குள் மராட்டியர் அவன்மேல் வந்தார்கள். கும்பினி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. 1779 மார்ச்சில் அவனுடைய பாதுகாப்பில் இருந்த மாஹியைக் கும்பினி பிடித்துக்கொண்டது. குண்டூருக்குப் படை அனுப்புவதற்காக அவனைக் கேட்காமலே அவன் கடப்பைச் சீமைக்குள் நுழைந்தது. இத்தனையும் நடக்கும்போதுதான், சமாதானமே எங்கள் விருப்பம் என்ற செய்தியோடு ஒரு சாதுவான மனிதர் அவன் எதிரில் வந்து உட்காருகிறார்!

அவர் புறப்படும்போது ஹைதர் வழிச்செலவுக்கென்று முந்நூறு ரூபாய் கொண்ட பையைப் பல்லக்கில் வைத்து அனுப்பினான். அவர் வேண்டாம் என்றார். அது மரியாதையல்ல என்றார்கள். சென்னைக்கு வந்ததும் பையை அப்படியே சர்க்காரிடம் ஒப்படைத்தார். சர்க்கார் அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னது. அதைத் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளிக்கூடத்துக்கு முதலாக்கினார். முந்நூறு ரூபாய் விஷயத்தில் அவருடைய நாணயம் அவ்வளவு. அவரை அனுப்பியவருடைய நாணயம்? ரம்போல்டு 1780 ஏப்ரலில் பெரும் செல்வத்தோடு கப்பலேறிப் போனார். ஜூலையில் ஹைதர் கணவாய்களைத் தாண்டி இறங்கினான். செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. மற்றதெல்லாம் பழவேற்காடு முதல் புதுச்சேரி வரையில் எரிந்த ஊர்களின் கதை.

ஹைதருக்குப் பாதிரியாரிடம் கோபம் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அந்தப் பெரியவரை எங்கே கண்டாலும் தொந்தரவு செய்யாமல் வழி விட வேண்டும் என்று சண்டை நடுவிலேயே தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டிருந்தான். அனுப்பியவனையும் அனுப்பப்பட்டவனையும் பிரித்துப் பார்க்க அவனுக்குத் தெரிந்திருந்தது.

அதே சண்டையில் நடந்த மற்றொரு சம்பவம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பாதிக் கதைதான்.

சுவார்ட்ஸ் அப்போது தஞ்சாவூரில் இருந்தார். துளஜா மகாராஜா அவருக்கு நண்பர். ஹைதரின் படை நாட்டைச் சூறையாடியது; கோட்டைக்குள் தானியம் தீர்ந்தது. சிப்பாய்கள் நின்ற இடத்தில் பசியால் விழுந்தார்கள். விடியும்போது தெருக்களில் பிணங்கள் கிடந்தன. நாட்டுப்புறத்தில் நெல் இல்லாமலில்லை. கொண்டு வர மாடு இல்லை. மாடு வைத்திருந்த குடிகள் தர மாட்டோம் என்றார்கள். ராஜா கேட்டார், பணம் தருகிறேன் என்றார். அசையவில்லை. அவர்கள் கல் நெஞ்சக்காரர்களல்ல. முன்னால் எத்தனையோ தடவை கொண்டு வந்து கொடுத்து ஏமாந்தவர்கள். பணம் என்று சொன்னவர்கள் பணம் கொடுக்கவில்லை.

அந்த நிலையில் ராஜா கும்பினி அதிகாரி ஒருவரிடம் சொன்னதைச் சுவார்ட்ஸ் பதிவு செய்திருக்கிறார். உமக்கும் நாணயம் போயிற்று, எனக்கும் நாணயம் போயிற்று. இந்தப் பாதிரியாரை ஜனங்கள் நம்புகிறார்களா என்று பார்ப்போம் என்பது அந்தப் பேச்சின் சாரம். சிம்மாசனத்தில் இருக்கிற ஒருவர் வாயிலிருந்து வந்த வார்த்தை இது! சொன்னதோடு நிற்காமல், எதை வேண்டுமானாலும் எழுதி ஒப்பந்தம் செய்துகொள்ளும்படி வெறுங் காகிதத்தையும் அவருக்கு அனுப்பி வைத்தார்.

சுவார்ட்ஸ் நாலு திசைக்கும் ஓலை அனுப்பினார். நெல் கொண்டு வருகிறவர்களுக்கு என் கையாலேயே பணம் கொடுக்கிறேன். வழியில் மாட்டைப் பகைவன் பிடித்துக்கொண்டால் அந்த மாட்டுக்கும் நானே விலை கொடுக்கிறேன் என்று எழுதினார். ஒன்றிரண்டு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. கோட்டைக்குள் எண்பதாயிரம் கலம் நெல் வந்து சேர்ந்தது. கலம் என்றால் பன்னிரண்டு மரக்கால். கணக்குப் போட்டுப் பாருங்கள். வந்தவர்களுக்கெல்லாம் சொன்னபடி பணம் கொடுத்து, மேலும் ஏதோ சிறிது வெகுமானமும் கொடுத்து, அன்பாக ஊருக்கு அனுப்பி வைத்தார். அப்படித்தான் கோட்டை பிழைத்தது.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மனிதர் ஒருவரே. யோக்கியதை ஒன்றே. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சொன்ன வார்த்தை வீணாயிற்று. தஞ்சாவூரில் சொன்ன வார்த்தை பலித்தது. ஏன்?

தஞ்சாவூரில் பணம் அவர் கையில் இருந்தது. வாக்குக் கொடுத்தவரே பணத்தையும் கொடுத்தார். கொடுக்காவிட்டால் மாட்டுக்காரன் நேரே அவர் வாசலில் வந்து நின்று கேட்கலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் வாக்கு மட்டும்தான் கொண்டு போனார். அதைக் காப்பாற்றுகிற அதிகாரம் சென்னைக் கோட்டையில், வேறு ஆளிடம் இருந்தது. அந்த ஆளுக்கு அதைக் காப்பாற்றும் உத்தேசம் இருந்ததாகத் தெரியவில்லை. கடன் வாங்குகிறவன் ஊரில் நல்ல பெயருள்ளவரை ஜாமீனுக்கு அழைத்துப் போகிறானே, அப்படித்தான் கும்பினி அவரை அழைத்துப் போயிற்று. கடன் கும்பினியுடையது, ஜாமீன் பாதிரியாருடையது.

ஊத்துக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். வயது எண்பதுக்குக் கிட்டே இருக்கும். ஏதோ ஒரு காரியத்துக்காக அவர்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் நிலத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் காரியம், எந்த இலாகா என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்ன விதம்தான் என் மனத்தில் நின்றது.

“அந்த ஆபீசரு தங்கமான மனுசன் சார். நம்ம ஊட்ல ஒரு மோருகூட வாங்கிக் குடிக்கல. மரத்தடியிலே எங்களோட தரையிலே குந்திக்கினு பேசினாரு. அவரு சொன்னாருன்னுதான் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்” என்றார்.

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? அவருக்கு மாத்தலாயிடுச்சி. அடுத்து வந்தவரு, ‘அவரு வாயாலே சொன்னதுக்கு நானா பொறுப்பு, காயிதத்திலே இன்னா கீதோ அதான்’னுட்டாரு. அதுவும் ஞாயந்தானே சார்?”

“அந்த முதல் ஆபீசர்மேல் உங்களுக்குக் கோபம் இல்லையா, ஐயா?” என்று கேட்டேன்.

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “கோவம் இல்ல. ஆனா ஒண்ணு. அவரு கெட்டவரா இருந்திருந்தா நாங்க காயிதத்தைப் படிச்சிக் காட்டச் சொல்லியிருப்போம்” என்றார்.

ஹைதர் அலி இந்தப் பெரியவரைப் போலத்தான். மனிதனைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் ஹைதர் காகிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னவன். அவனிடம் படை இருந்தது, கணக்குக் கேட்டான். குடிகளிடம் என்ன இருக்கிறது?

சண்டைக்குப் பிறகு சுவார்ட்ஸ் இன்னும் ஆழமாக உத்தியோகத்துக்குள் இழுக்கப்பட்டார். 1783-இல் மறுபடியும் மைசூருக்குச் சமாதானம் பேச அனுப்பினார்கள். சத்தியமங்கலத்திலேயே திப்புவின் ஆட்கள் வழிமறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் அவரைக் கண்ட கர்னல் புல்லர்டன், ஐரோப்பியர் என்றாலே கெட்டவர்கள் என்று ஏற்பட்டிருந்த பெயரை இந்த ஒரு மனிதர் மீட்டுக் கொடுத்தார் என்ற பொருளில் புகழ்ந்து எழுதினார். நல்ல புகழ்ச்சிதான். ஆனால் அந்த மீட்சியால் லாபம் அடைந்தவர்கள் யார்? அந்தக் கெட்ட பெயரை நியாயமாகவே சம்பாதித்திருந்தவர்கள் அல்லவா?

தஞ்சாவூர் நாட்டு வரிவசூலைக் கவனிக்கக் கும்பினி ஒரு கமிட்டி போட்டபோது அவரையும் அதில் சேர்த்தது. கொடுமை தாங்காமல் குடிகள் நிலத்தைப் போட்டுவிட்டு வேறு சீமைக்கு ஓடியிருந்தார்கள். வயல்கள் தரிசாகக் கிடந்தன. திரும்பி வாருங்கள், இனி நியாயம் நடக்கும் என்று ராஜா சொன்னார், யாரும் வரவில்லை. சுவார்ட்ஸ் சொன்னார், ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பி வந்தார்கள். பருவம் தப்புகிறதே, சீக்கிரம் நட வேண்டுமே என்று அவர் கவலைப்பட்டபோது, எங்களை இப்படி நடத்தினீர்கள், நாங்கள் ராப்பகலாக உழைக்கிறோம் என்று பதில் சொன்னார்களாம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமும் துக்கமும் சேர்ந்து வருகின்றன. ஏழாயிரம் குடும்பத்தில் உலை ஏறியிருக்கும். அது பொய்யல்ல. அந்த விளைச்சலிலிருந்து போன வரியில் ஒரு பங்கு கும்பினிக்குக் கப்பமாகப் போயிருக்கும். அதுவும் பொய்யல்ல.

பிறகு கும்பினி அவருக்குத் துபாஷி உத்தியோகம் என்று ஒன்றைக் கொடுத்து அதற்கும் ஒரு சம்பளம் வைத்தது. ராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சாவூர் ஆகிய இடங்களில் அவர் முயற்சியால் ஏற்பட்ட ஆங்கிலப் பள்ளிக்கூடங்களுக்கு வருஷந்தோறும் இருநூற்றைம்பது வராகன் வீதம் லண்டன் டைரக்டர்கள் அனுமதித்தார்கள். பாதிரியார் கேட்டால் கும்பினி கொடுத்தது. கும்பினி கேட்டால் பாதிரியார் போனார்.

1787-இல் துளஜா மகாராஜா மரணப் படுக்கையில் விழுந்தார். தத்து எடுத்த சிறுவன் சரபோஜியைப் பாதிரியாரிடம் காட்டி, இவன் இனி உம்முடைய பிள்ளை என்று ஒப்படைக்கப் பார்த்தார். அரண்மனைச் சூதுகளுக்கு நடுவில் ஒரு சாமியாரால் குழந்தையையும் ராஜ்யத்தையும் எப்படிக் காப்பாற்ற முடியும் என்று அவர் பயந்தார். ராஜாவின் தம்பி அமர்சிங்கைக் காப்பாளராக வைக்கும்படி யோசனை சொன்னார். ராஜா இறந்ததும், தத்து செல்லுமா என்று கேள்வி வந்தது. கவர்னர் காம்பெல் பண்டிதர்களைக் கூட்டினார். செல்லாது என்று பன்னிரண்டு பேர் சொன்னார்கள். அமர்சிங் ராஜாவானார். பண்டிதர்கள் கைக்கூலி வாங்கிக்கொண்டு சொன்னார்கள் என்பது பின்னால் வெளியாயிற்று.

அதன் பிறகு சுவார்ட்ஸ் ஓயவில்லை. சிறுவனை அமர்சிங்கின் பிடியிலிருந்து விடுவித்து 1793-இல் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். கும்பினிக்கு விண்ணப்பத்தின் மேல் விண்ணப்பமாக எழுதினார். கடைசியில் நியாயம் ஜெயித்தது. 1798 ஜூன் மாதம் சரபோஜி சிம்மாசனம் ஏறினார். அதைப் பார்க்கப் பாதிரியார் இல்லை. அந்த வருஷம் பிப்ரவரி 13-ந் தேதியே காலமாகிவிட்டார்.

அவர் பார்க்காத மற்றொன்றும் உண்டு. 1799 அக்டோபரில் சரபோஜி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். நாட்டு நிர்வாகம் முழுதும் கும்பினிக்குப் போயிற்று. கோட்டையும் ஒரு மானியமும் ராஜாவுக்கு மிஞ்சின. சரஸ்வதி மகாலில் நாம் இன்று பார்க்கிற புத்தகச் செல்வத்தை அந்த மிச்ச வாழ்க்கையில்தான் சரபோஜி வளர்த்தார். நாடு போனதற்குப் பாதிரியார் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டாலும் போயிருக்கும். ஆனால் பதினொரு வருஷமாக அந்தப் பையனுக்கும் கும்பினிக்கும் நடுவில் நின்று, இவர்கள் நியாயம் செய்வார்கள் என்று நம்பச் சொன்ன குரல் அவருடையது. அந்தக் குரல் அடங்கி இருபது மாதத்தில் காகிதம் வந்து சேர்ந்தது. ஊத்துக்கோட்டைப் பெரியவர் சொன்ன ‘அடுத்து வந்தவர்’ தஞ்சாவூருக்கும் வந்துவிட்டார்.

அப்படியானால் நல்லவர்கள் உத்தியோகத்துக்கே போகக் கூடாதா என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். எண்பதாயிரம் கலம் நெல்லை நினைத்துப் பார்த்தால் போகக் கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை. சுருட்டப்பள்ளிக் கோயிலில் சிவபெருமான் ஆலகால விஷம் உண்ட களைப்பில், அம்மன் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறார். வேறெங்கும் அவரை இப்படிப் படுத்த கோலத்தில் காண்பது அரிது. விஷத்தைக் குடித்தார், ஆனால் தொண்டைக்குக் கீழே இறங்கவும் விடவில்லை, வெளியே சிந்தவும் விடவில்லை. கெட்ட சர்க்காரில் இருக்கும் நல்ல மனிதனின் வேலை இதுதான். கடவுளுக்கே அது களைப்பைத் தந்தது என்றால் மனிதனைக் கேட்பானேன்!

நான் நண்பருக்குச் சொன்ன பதில் வேறு. போகட்டும், ஆனால் வாக்குக் கொடுக்கும் முன்னால், அதை நிறைவேற்றும் சாவி தன் இடுப்பில் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். இருந்தால், சுவார்ட்ஸ் மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்ததுபோலத் தைரியமாகக் கொடுக்கட்டும். இல்லாவிட்டால், இது என் வார்த்தையல்ல, என்னை அனுப்பியவர்களின் வார்த்தை, காகிதத்தைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குடிகளிடம் சொல்லிவிடட்டும். அப்படிச் சொல்கிறவருக்கு வரவேற்பு வளைவும் பூமாலையும் குறைவாகத்தான் கிடைக்கும். பாதகமில்லை.

சுவார்ட்ஸுக்கு இரண்டு பளிங்கு நினைவுச் சின்னங்கள் உண்டு. ஒன்று கும்பினி வைத்தது. சென்னைக் கோட்டையில் புனித மேரி கோயிலில் இருக்கிறது. மற்றொன்று சரபோஜி மகாராஜா லண்டனில் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் செய்வித்துத் தஞ்சாவூருக்கு வரவழைத்தது. அதில் பாதிரியார் கட்டிலில் கிடக்கிறார். இளம் ராஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள். நல்ல சிற்பம். அன்பும் உண்மையானதுதான். கையை நம்பி மாடு ஓட்டி வந்த அந்தக் குடிகளில் ஒருவர்கூட அந்தக் கல்லில் இல்லை. ஆயிரம் மாடுகளில் ஒன்றையாவது ஓர் ஓரத்தில் செதுக்கியிருக்கலாம்.